"மாலு ஆப்பா போஸ்கு" டீஷர்ட்: 7 வருஷம் போட்டு துவைச்சதுக்கு அப்புறம் ஒரு ரிவ்யூ

கிள்ளான்ல சின்னதா ஒரு டீஷர்ட் பிரிண்டிங் கடை வச்சிருக்கேன், பதினாலு வருஷம் ஆச்சு. தைப்பூசத்துக்கு தண்ணிப்பந்தல் குரூப்பு, காவடி குரூப்பு, கம்பெனி பேமிலி டே, பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ், கபடி டீம்னு வர்ற எல்லாத்துக்கும் அடிச்சு கொடுக்குறதுதான் பொழப்பு. அதனால அடுத்தவன் அடிச்ச சட்டைய பாத்தா கை சும்மா இருக்காது, காலர இழுத்து பாக்கும், பிரிண்ட நகத்தால சுரண்டி பாக்கும், கல்யாண வீட்டுல கூட இதே வேலைதான், பொண்டாட்டி பல தடவ கிள்ளியிருக்கா. அப்படிப்பட்டவன் சொந்த காசு போட்டு வாங்குன ஒரு சட்டைய பத்தி இத்தன வருஷமா எதுவும் எழுதலன்னு நெனச்சா எனக்கே ஆச்சரியமாதான் இருக்கு.

விஷயம் என்னன்னா இந்த தைப்பூச ஆர்டர் நேரத்துல உதவிக்கு அக்கா மகன் வந்திருந்தான். வயசு 21. மை தொடைக்கிறதுக்கு பழைய துணி வேணும்னு மூலையில கெடந்த பெட்டிய கிண்டுனவன் திடீர்னு ஒரு கருப்பு சட்டைய தூக்கி பிடிச்சு "மாமா, இத போயி தொடைக்கிற துணில போட்டு வச்சிருக்கீங்களே, பண்டல் கடைல (பழைய துணி விக்கிற கடை) இது எவ்வளோ போகும் தெரியுமா"ங்குறான். பாத்தா நம்ம போஸ்கு சட்டை. 2019ல வாங்குனது. பிரிண்டு பூராவும் வெடிச்சு, வெயில்ல காஞ்ச குளத்து சேறு மாதிரி இருக்கு. அதத்தான் அவன் "வின்டேஜ் கிராக்கு மாமா, இப்ப இதுக்குதான் டிமாண்டு"ங்குறான். நான் ஒரு கஸ்டமருக்கு இப்படி வெடிக்கிற பிரிண்டு கொடுத்தா அவன் கடைக்கு வந்து கத்துவான், இவன் அதுக்கு காசு கூட கொடுக்குறேங்குறான், காலம் அப்படி போகுது.

மலேசியாவுக்கு வெளிய இருந்து படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்த சொல்லிடுறேன். போஸ்குன்னா நம்ம முன்னாள் பிரதமர் நஜிப். "மாலு ஆப்பா போஸ்கு"ன்னா மலாய்ல "என்ன வெக்கம் பாஸு"ன்னு அர்த்தம். எங்க பெரியம்மா ஒருத்தங்க புதுக்கோட்டைல இருந்து வந்திருந்தப்ப சட்டைல என்னடா எழுதியிருக்குன்னு கேட்டாங்க, நான் படிச்சு காட்டுனேன், "மாலு அப்பாவா, யாருடா அந்த மாலு, பொண்ணா"ன்னு கேட்டுட்டாங்க, அன்னைலருந்து எங்க வீட்டுல நஜிப்புக்கு பேரே மாலு அப்பாதான்.

இவரு 2018 மே 9 பொதுத்தேர்தல்ல ஆட்சிய இழந்தாரு. 1957ல சுதந்திரம் வாங்குனதுலருந்து ஆட்சிய விட்டதே இல்லாத அவரோட கூட்டணி அன்னைக்கு விழுந்துச்சு, நாங்க ராத்திரி பூரா டிவி முன்னாடிதான். மூனே நாள்ல அவரையும் அவங்க வீட்டம்மாவையும் நாட்ட விட்டு போகக்கூடாதுன்னு தடுத்தாங்க. அப்புறம் அவரு சம்பந்தப்பட்ட வீடுகள்ல போலீசு சோதன போட்டுச்சு. அமார் சிங்னு நம்ம சிங் ஆபீசர் ஒருத்தர், ஜூன் கடைசில உக்காந்து லிஸ்டு படிச்சாரு பாருங்க, 567 கைப்பை, 423 கைக்கடிகாரம், பன்னெண்டாயிரம் நக, பணமாவே 11 கோடி வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல, அதுவும் 26 நாட்டு நோட்டு. எங்க அம்மா அந்த லிஸ்டுல கருப்பு கண்ணாடி மட்டும் 234ன்னு கேட்டுட்டு "கண்ணு ரெண்டுதானடா"ன்னு சொன்னது இன்னும் காதுல இருக்கு. ஜூலை 3 கைது, மறுநாளே கோர்ட்டுல குற்றச்சாட்டு. எஸ்ஆர்சிங்குற கம்பெனி பணம் 42 மில்லியன் வெள்ளி அவரு அக்கவுண்டுக்கு போச்சுன்னு கேசு. அப்புறம் செப்டம்பர்ல ஒன் எம்டிபிங்குற அரசாங்க முதலீட்டு நிதி கேசுல இன்னும் 25 குற்றச்சாட்டு. எல்லா கேசையும் சேத்து மொத்த குற்றச்சாட்டும் 42தான், பணமும் 42 குற்றச்சாட்டும் 42, லாட்டரி நம்பர் கடைக்காரங்க விட்டிருக்க மாட்டாங்க.

இப்படி ஒரு மனுசன் நெலம இருக்கும்போது வீட்டுக்குள்ள கதவ சாத்திக்கிட்டு இருப்பாருன்னுதான் எல்லாரும் நெனச்சோம். அவரு என்ன பண்ணாரு, 2019 சனவரில பழைய ஜாக்கெட்டு கோட்ட எல்லாம் கழட்டி போட்டுட்டு ஜீன்ஸும் ஜம்பருமா வந்து பசங்க ஓட்டுற யமஹா மோட்டார் மேல உக்காந்து போட்டோ எடுத்துக்கிட்டாரு. நம்பர் பிளேட்டே போஸ்குன்னு படிக்கிற மாதிரி. பக்கத்துல பூரா இளவட்டங்க. கூடவே இந்த "என்ன வெக்கம் பாஸு". அதுக்கு முன்ன பின்ன கோரஸ் குழு வச்சு பாட்டு கூட பாடி வீடியோ போட்டாரு. ஆளு மார்க்கெட்டிங்ல கெட்டின்னு நான் அன்னைக்கே சொன்னேன், யாரும் நம்பல.

சரி, சட்டைக்கு வர்றேன்.

வாங்குனது செமினிங்குற ஊருல. 2019 மார்ச் 2 அங்க இடைத்தேர்தல், அதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஒரு மில்லுக்கு துணி எடுக்க போயிட்டு திரும்பும்போது பாசார் மாலாம் (ராத்திரி சந்தை) பக்கம் வண்டிய நிறுத்துனேன், பசி. நாலு ஸ்டாலு தள்ளி ஒரே கூட்டம். என்னான்னு பாத்தா ஒரு பையன் வேன் பின்கதவ தொறந்து வச்சுக்கிட்டு இந்த சட்டைய வித்துக்கிட்டு இருக்கான், பேனரு கெடையாது, கட்சி கொடி கெடையாது, ஹேங்கர் கூட இல்ல, பிளாஸ்டிக் உறையோட குமிச்சு வச்சிருக்கான். வெல 25 வெள்ளி. பேரம் பேசி 20க்கு எடுத்தேன். கட்சில இருக்கீங்களா அண்ணேன்னு கேட்டேன், "கட்சியாவது ஒன்னாவது, போன மாசம் வரைக்கும் ஹேண்ட்போன் கவரு வித்தேன்"ன்னான் மலாய்ல. இதான் எனக்கு முக்கியமான விஷயமா பட்டுச்சு. ஏன்னா பதினாலு வருஷத்துல நான் பாத்த கட்சி சட்டை எல்லாமே ஓசி சட்டை. காசு கொடுத்து ஆளு வாங்குற கட்சி சட்டைய அன்னைக்குதான் மொத தடவ பாத்தேன். குற்றச்சாட்டு தலைக்கு மேல தொங்குற ஒரு ஆளோட சட்டைய, சொந்த காசு 25 வெள்ளி கொடுத்து, வரிசைல நின்னு. அந்த இடைத்தேர்தல்ல அவங்க கூட்டணி 1,914 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சுச்சு, ஆளுங்கட்சி கைல இருந்த தொகுதி அது. எனக்கு ஆச்சரியமே இல்ல, வேன்ல எவ்வளோ சரக்கு காலியாச்சுன்னு நான்தான் கண்ணால பாத்தேனே.

அதுக்கு முன்னாடி சனவரில கெமரன் மலை இடைத்தேர்தல். அது நம்மாளுங்களுக்கு வேற மாதிரி வலி, ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தொகுதி, 2018ல ஜெயிச்சது செல்லாதுன்னு ஆனதுனால திரும்ப தேர்தல். ம.இ.கா.வுக்கு பதிலா கூட்டணில ரம்லின்னு ஒராங் அஸ்லி (பூர்வகுடி) ஒருத்தர நிறுத்துனாங்க, அவரும் ஜெயிச்சு அந்த சமூகத்துலருந்து ஓட்டுல ஜெயிச்சு எம்பி ஆன மொத ஆளு ஆயிட்டாரு. நல்ல விஷயம்தான். ஆனா எங்க மச்சான் ம.இ.கா. கிளையில இருந்தவரு, இன்னைக்கும் அத பத்தி பேச்சு எடுத்தா தேத்தண்ணிய வச்சுட்டு எந்திரிச்சு போயிடுவாரு.

இப்ப குவாலிட்டி. துணி பருத்தின்னு சொல்லி வித்தான், பருத்தி பாதி பாலியஸ்டர் பாதிதான், எரிச்சு பாத்தேன், நூலு உருகி உருண்டுச்சு. கனம் கொறைவு, 150, 160 ஜிஎஸ்எம்தான் இருக்கும், வெளிச்சத்துல பிடிச்சா கை தெரியுது. அதுல குத்தம் சொல்ல மாட்டேன், நம்ம ஊரு வேக்காட்டுக்கு மெல்லிசுதான் நல்லது. காலர்லதான் கஞ்சத்தனம், ரிப்புல லைக்ரா இல்லாத துணிய போட்டிருக்கான், மூனாவது மாசமே கொட்டாவி விட ஆரம்பிச்சுச்சு. தோள்பட்டைல உள்பக்க டேப்பு கெடையாது. தையலு ஆனா சுத்தம், ஏழு வருஷத்துல ஒரு எடத்துலயும் பிரியல, அது தச்ச அக்கா யாரோ, நல்லா இருக்கட்டும்.

பிரிண்டு. கருப்பு துணி மேல வெள்ளை அடிக்கிறதுதான் எங்க தொழில்ல பரிச்ச மாதிரி. ஒரு தடவ அடிச்சு, ஃபிளாஷ் கொடுத்து லேசா காய வச்சு, அது மேல ரெண்டாவது தடவ அடிக்கணும். அப்பதான் வெள்ள வெள்ளையா நிக்கும். இவன் ஒரே இழுவைல முடிச்சிருக்கான், வாங்குன அன்னைக்கே வெள்ள சாம்பலாதான் இருந்துச்சு. அதவிட பெரிய தப்பு வேக வைக்காதது. பிளாஸ்டிசால் மை 160 டிகிரி வரைக்கும் உள்ளுக்குள்ள சூடு ஏறுனாதான் பிடிக்கும், மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள பச்சையா இருக்கும், அரவேக்காட்டு தோசை மாதிரி. தேர்தல் நேரத்து அவசரம், ஓவன் பெல்ட்ட வேகமா ஓட விட்டிருப்பான், எனக்கு தெரியாதா, நானும் பண்ணியிருக்கேன். அந்த மாதிரி பிரிண்டு அஞ்சாறு தொவையில வெடிக்கும். இதுவும் சொல்லி வச்ச மாதிரி வெடிச்சுச்சு.

எங்க மொதல்ல உரிஞ்சுச்சு தெரியுமா, மேல் வரிசை. காடி ஓட்டும்போது சீட் பெல்ட் குறுக்க உரசுற எடம் அதுதான். மேல் வரிசைல பெருசா "மாலு", நடுவுல "ஆப்பா", கீழ "போஸ்கு", அடில மோட்டார் படம். ரெண்டே வருஷத்துல மாலு போயிருச்சு, அதாவது வெக்கம் போயிருச்சு, மீதி இருக்குறது "ஆப்பா போஸ்கு". என்ன பாஸு. மாமாக் கடைல (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) போயி உக்காந்தா தண்ணி எடுக்குற தம்பி தெனமும் கேக்குற அதே கேள்வி.

இந்த சட்டை வித்ததோட ரகசியமே அங்கதான் இருக்குன்னு நான் நெனக்கிறேன். "பாஸு"ங்குற வார்த்த எந்த கட்சியோட சொத்தும் கெடையாது. மாமாக் கடைல நாம கூப்பிடுறது "பாஸ், தே தாரிக் சத்து", அவன் நம்மள கூப்பிடுறது "வேற என்ன பாஸு". டயர் கடைல பாஸு, கார் வாஷ்ல பாஸு, சம்மன் எழுத வர்றவரையும் பாஸுன்னு கூப்பிட்டு கெஞ்சுவோம். யாரு பெரியவன் யாரு சின்னவன்னு தெரியாம எல்லாரும் எல்லாரையும் கூப்பிடுற ஒரு வார்த்த. முன்னாள் பிரதமரு, பிரதமரா இருந்தவரோட மகன், 22, 23 வயசுலயே எம்பி ஆனவரு, வாழ்க்கைல ஒரு நாளும் மாமாக் கடைல பில்லுக்கு சில்லற எண்ணி இருக்க மாட்டாரு, அவரு வந்து இந்த வார்த்தைய எடுத்து சட்டை மாதிரி போட்டுக்கிட்டாரு, அளவும் சரியா பொருந்திருச்சு. 567 கைப்பைய ஒரு வார்த்த மறச்சுச்சு. தொழில்காரனா சொல்றேன், அத எழுதி கொடுத்தவன் யாரா இருந்தாலும் திறமசாலி. அவரு பிரதமரா இருந்தப்ப நம்மகிட்ட வந்து "நம்பிக்கை"ன்னு தமிழ்ல சொல்லிக்கிட்டு இருந்தாரே, அந்த வார்த்தைல பாதி கூட இது மாதிரி ஒட்டல. பின்னாடி எதிர்க்கூட்டணிக்கே தமிழ்ல நம்பிக்கை கூட்டணின்னு பேராகிருச்சு, அது வேற கூத்து.

போட்டுக்கிட்டு வெளிய போன அனுபவம். 2019ல செம்ம. பெட்ரோல் ஸ்டேஷன்ல பம்புகிட்ட நின்ன மலாய்க்கார பெரியவரு தோள்ல தட்டிட்டு போனாரு. ஒரு மாமாக் கடைல தே தாரிக்குக்கு காசு வாங்கல. அதே வாரம் ஒரு சீன கஸ்டமரு என் சட்டைய பாத்து, ஆர்டர் கொடுக்க வந்தவரு, "நீயுமா"ன்னு கேட்டுட்டு டெபாசிட்டு கொடுக்காமலே போயிட்டாரு. நான் அவரோட ஆளு இல்ல, துணி ஆராய்ச்சிக்கு வாங்குனேன்னு யாருகிட்ட போயி சொல்ல. ஒரு சட்டையால கெடச்சது ஒரு தேத்தண்ணி, போனது 300 டீஷர்ட் ஆர்டரு. அன்னைலருந்து கடைக்கு போட்டுட்டு வர்றதில்ல.

எங்க அம்மாவ கேட்டா வேற கணக்கு சொல்லுவாங்க. "எடுத்தாரு, எடுக்கலன்னு சொல்லல, ஆனா பிரிம் காசு அவரு காலத்துலதான் வந்துச்சு." பிரிம்னா ஏழைங்களுக்கு அரசாங்கம் கொடுத்த உதவிப்பணம். 2012ல ஆரம்பிச்சாரு, மொத தடவ 500 வெள்ளி. அம்மா அத வாங்கிட்டு வந்து சாமி படத்துக்கு முன்னாடி வச்சாங்க, நான் பாத்தேன். 2015ல ஜிஎஸ்டி 6 சதவீதம் போட்டதும் அவருதான்மா, பிரிம்ல கொடுத்தத பால்மாவுல புடிங்கிட்டாருன்னு சொன்னா, "ஜிஎஸ்டிய எடுத்துட்டாங்களே, பால்மா வெல எறங்குச்சா"ன்னு திருப்பி கேப்பாங்க. என்கிட்ட பதில் இல்ல. வழக்கு கோர்ட்டுல நடந்துச்சு, ஓட்டு அடுப்படில நடந்துச்சு, ரெண்டும் ஒன்னுக்கொன்னு பேசிக்கவே இல்ல.

அதனாலதான் 2020 சூலை 28 அன்னைக்கு ஏழு குற்றச்சாட்டுலயும் குற்றவாளின்னு தீர்ப்பு, 12 வருஷம் ஜெயிலு, 210 மில்லியன் அபராதம்னு வந்தும் சட்டை மார்க்கெட்டு படுக்கல. ஜாமீன்ல வெளிய இருந்தாரு, அப்பீல் போட்டாரு, ஊரு ஊரா போனாரு. 2021 நவம்பர் 20 மலாக்கா சட்டமன்றத் தேர்தல், அவங்களுக்கு 28ல 21. சரியா 18 நாள் கழிச்சு, டிசம்பர் 8, அப்பீல் கோர்ட்டு தீர்ப்ப உறுதி பண்ணி, இதுல தேசிய நலன்னு ஒன்னும் இல்ல, தேசிய அவமானம்தான் இருக்குன்னு சொல்லிருச்சு. அவமானம்னா மலாய்ல என்ன, அதே மாலுதான். "என்ன வெக்கம்"னு சட்டைல கேட்டதுக்கு கோர்ட்டு பதிலே கொடுத்துருச்சு. அதுக்கு மூனு மாசம் கழிச்சு 2022 மார்ச் 12 ஜொகூர்ல தேர்தல், அங்க போயி செல்பி மேல செல்பி, அவங்களுக்கு 56ல 40. கோர்ட்டு ஒரு பக்கம் அடிக்க அடிக்க ஓட்டு ஒரு பக்கம் ஏறுது. அந்த சமயத்துல எனக்கே நாலு பேரு போன் பண்ணி போஸ்கு சட்டை அடிச்சு தருவியான்னு கேட்டாங்க.

அடிக்கல. கொள்கை கிள்கைன்னு ஒன்னும் இல்ல, காசு பயம். முன்ன ஒரு தேர்தல்ல ஒரு கட்சியோட தொகுதி ஆளு ஒருத்தரு, எந்த கட்சின்னு கேக்காதீங்க, 800 சட்டை அர்ஜென்டா கேட்டாரு, மூனு ராத்திரி தூங்காம அடிச்சு கொடுத்தேன், பாதி காசு முன்பணம், மீதி "ஜெயிச்சதும் வாங்கிக்க தம்பி". தோத்துட்டாரு. மீதி இன்னைக்கு வரைக்கும் வரல. ஜெயிச்சிருந்தா மட்டும் வந்திருக்குமான்னு பொண்டாட்டி கேப்பா, அதுவும் நியாயமான கேள்விதான்.

2022 ஆகஸ்ட் 23. உச்ச நீதிமன்றம் கடைசி அப்பீலயும் தள்ளிருச்சு, அன்னைக்கு சாயங்காலமே காஜாங் ஜெயிலுக்கு கொண்டு போயிட்டாங்க. முன்னாள் பிரதமர் ஒருத்தரு ஜெயிலுக்கு போனது நம்ம நாட்டுல அதுதான் மொத தடவ. அதுக்கப்புறம் மூனே மாசத்துல நவம்பர் 19 பொதுத்தேர்தல் வச்சாங்க, மலாக்கா ஜொகூர் மாதிரியே அள்ளிடலாம்னு நெனப்பு. கெடச்சது 30 சீட்டு. 2018ல தோத்தாங்கன்னு சொன்னோமே, அப்ப கூட 79. நம்பிக்கை கூட்டணிக்கு 82, மலாய் ஓட்டு பெரிக்காத்தான்ங்குற இன்னொரு கூட்டணி பக்கம் குவிஞ்சு போயிருச்சு, கடைசில நம்பிக்கை கூட்டணி தலைவர் அன்வார் பிரதமர் ஆயிட்டாரு, அதுவும் யாரோட சேந்து, இவங்களோடயே. எனக்கு தெரிஞ்ச வரைக்கும் காரணம் நெறய இருக்கு, ஆனா ஒன்னு மட்டும் சட்டை அடிக்கிறவனா சொல்லுவேன், குற்றச்சாட்டும் தீர்ப்பும் இந்த சட்டைய கொல்லல, ஆளு கண்ணு முன்னாடி இல்லாமப் போனதுதான் கொன்னுச்சு. மோட்டார் மேல உக்கார ஆளு வேணும். பக்கத்துல நின்னு செல்பி எடுக்க ஆளு வேணும். ஜெயில் செவுத்த வச்சு செல்பி எடுக்க முடியாது. அந்த தேர்தலுக்கு நான் பாத்த பாசார் மாலாம்ல ஒரு ஸ்டால்லயும் இந்த சட்டை இல்ல.

இப்ப நெலம. 2024 சனவரி கடைசில மன்னிப்பு வாரியம் 12 வருஷத்த 6 ஆக்கி, அபராதத்த 50 மில்லியனா கொறச்சுச்சு. பாதி வெலைக்கு தள்ளுபடின்னு எங்க கடை வாட்ஸப் குரூப்புல மீம்ஸ் பறந்துச்சு. அதே வருஷம் அக்டோபர்ல ஒன் எம்டிபி தன் காலத்துல நடந்ததுக்கு மன்னிப்பு கேட்டு அறிக்கை, மகன் படிச்சாரு. என்ன வெக்கம்னு கேட்டவரு மன்னிப்பு கேட்டாரு, ஆனா பணத்த எடுத்தேன்னு ஒத்துக்கல. வீட்டுக் காவலுக்கு மாத்துங்கன்னு போட்ட மனு 2025 டிசம்பர் 22 தள்ளுபடி. நாலு நாள் கழிச்சு, கிறிஸ்மஸுக்கு மறுநாள், புத்ராஜெயாவுல பெரிய தீர்ப்பு, 25 குற்றச்சாட்டும் நிரூபணம், 15 வருஷம், 11 பில்லியன் வெள்ளிக்கு மேல அபராதம். அந்த பணம் அரபு நன்கொடைன்னு இத்தன வருஷம் சொன்ன கதைய ஜட்ஜு நம்பல. இந்த 15 வருஷம் பழைய தண்டன முடிஞ்ச பிறகுதான் ஆரம்பிக்கும். பழசு முடியுறதே 2028 ஆகஸ்ட். அப்பீல் போட்டிருக்காங்க, போகட்டும்.

அடுத்த பொதுத்தேர்தல் எப்படி இழுத்தாலும் 2028 ஆரம்பத்துக்குள்ள வச்சாகணும். அதாவது பழைய தண்டனையே முடியாது. முடிஞ்சாலும் நம்ம சட்டப்படி ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ ஜெயில் தண்டன வாங்குனவங்க வெளிய வந்து 5 வருஷம் நிக்க முடியாது, முழு மன்னிப்பு கெடச்சா ஒழிய. அப்ப அவரு நிக்குறதுக்கு வாய்ப்பு இல்லன்னு அடிச்சு சொல்லிடலாம்னு பாத்தா, இது 92 வயசுல மகாதீர் திரும்ப வந்து பிரதமர் ஆன நாடு, நஜிப்புக்கு எழுபது சொச்சம்தான், அதனால நான் பந்தயம் எல்லாம் கட்ட மாட்டேன். அவரோட கட்சி அம்னோ கூட்டங்கள்ல அவர விடுதல பண்ணுங்கன்னு கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க, கேக்குறவங்க தலைல வெள்ள முடிதான் ஜாஸ்தி. சட்டையா விக்குமா? என் கணக்குல விக்காது.

ஏன் சொல்றேன்னா அக்கா மகன். அவனுக்கு 2019ல 14 வயசு. இப்ப ஓட்டு வயசு 18 ஆக்கிட்டாங்க, பதிவு கூட பண்ண வேணாம், பேரு தன்னால ஏறிடும், அவன மாதிரி லட்சக்கணக்குல பசங்க இருக்காங்க. அவன்கிட்ட "இந்த சட்டைல இருக்குறவரு யாருன்னு தெரியுமா"ன்னு கேட்டேன். "தெரியும் மாமா, ஜெயில்ல இருக்காருல்ல, மோட்டார் அங்கிள்." ஒன் எம்டிபின்னா? "பேங்க் மாதிரி ஏதோ." கைப்பை கதைய சொன்னேன், சிரிச்சான். பிரிம், ஜிஎஸ்டி எல்லாம் அவனுக்கு எங்க தாத்தா ரப்பர் மரம் வெட்டுன கதை மாதிரி. அவனுக்கு இந்த சட்டை மேல கோவமும் இல்ல, பாசமும் இல்ல, கிராக்கு நல்லா இருக்கு, அவ்வளவுதான். யாருக்கு ஓட்டு போடுவன்னு கேட்டதுக்கு "வீட்டு வாடகைய பத்தி எவன் ஒழுங்கா பேசுறானோ பாப்போம்"னுட்டு திரும்ப ஸ்கிரீன் கழுவ போயிட்டான்.

துவைக்கிறத பத்தி கேக்குறவங்களுக்கு: உள்பக்கம் திருப்பி பச்சத்தண்ணில போடுங்க, டிரையர்ல போடவே போடாதீங்க, மீதி இருக்குற எழுத்தும் டிரம்முல ஒட்டிக்கும். அயர்ன் நேரா பிரிண்டு மேல வைக்காதீங்க, நான் வச்சேன், மோட்டாரோட முன்சக்கரம் அயர்ன் பெட்டிலயே இருக்கு.

மதிப்பெண் கொடுக்கணும்னா துணிக்கு 5க்கு 2, தையலுக்கு 4, பிரிண்டுக்கு 1 கொடுக்குறதே அதிகம், வாசகத்துக்கு 5. வெலை 20 வெள்ளிக்கு ஏழு வருஷம், ஒரு வருஷத்துக்கு மூனு வெள்ளி கூட ஆகல, அந்த கணக்குல குத்தம் சொல்ல முடியாது.

அவன் எடுத்துட்டு போயிட்டான் சட்டைய. இன்னொன்னு கெடச்சா எல் சைஸ்ல தன் பிரண்டுக்கு வேணும்னு வேற சொன்னான், அதனால போன வாரம் செமினி பக்கம் டெலிவரி இருந்தப்ப அதே பாசார் மாலாம்ல எறங்கி தேடுனேன். வேன் நின்ன எடத்துல இப்ப ஒரு அக்கா அப்பம் பாலிக் போடுறாங்க, பக்கத்துல ஒருத்தன் ஹேண்ட்போன் கவரு விக்கிறான், அதே பையனான்னு உத்து பாத்தேன், இல்ல. போஸ்கு சட்டை இருக்கான்னு அவன்கிட்ட கேட்டேன், "எந்த போஸ்"ன்னான். அப்பம் பாலிக் நல்லா இருந்துச்சு, சோளம் ஜாஸ்தியா போட்டிருந்தாங்க.